கண் சிமிட்டல் மட்டும் போதாது
கேமரா முன் இருப்பது நிஜ ஆளா, வெறும் படமா என்று செயலிகள் எப்படிச் சோதிக்கின்றன என்ற கட்டுரையைப் படித்தேன். “கண்ணைச் சிமிட்டச் சொன்னாலே போட்டோவைக் காட்டி ஏமாற்றுபவர்கள் மாட்டிக்கொள்வார்கள்” என்று கட்டுரையில் இருக்கிறதே, அச்சடித்த போட்டோவுக்கு அது சரி, இன்னொரு போனில் ஓடும் வீடியோவுக்கு? அதிலும் கண் சிமிட்டத்தானே செய்யும். அமேசானின் முகம் அறியும் சேவையான ரெகக்னிஷனில் 2023-இல் வந்த ஃபேஸ் லைவ்னஸ் (நிஜ முகம்தானா என்று பார்க்கும் வசதி), திரையில் தெரியும் நீள்வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவரச் சொல்லி, கூடவே முகத்தின் மேல் பல நிறங்களை மாற்றி மாற்றி மின்ன விடுவது இதற்காகத்தான். அதுவும் கடைசியில் தருவது 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண், அவ்வளவுதான்; எதற்குக் கீழே போனால் போலி என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் மதிப்பெண்ணை பிரவுசரிலேயே பார்த்து ஆளை உள்ளே விட்டுவிடலாமே என்கிறார், ஐயோ வேண்டாம், பிரவுசரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், முடிவை உங்கள் சர்வர்தான் அமேசானிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் வெயில், அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து இதே மாதிரி நிறம் மின்னும் ஒரு செயலியில் முயன்றேன், பகல் வெளிச்சத்தில் அந்த நிறம் அவர் முகத்தில் தெரியவே இல்லை, திரும்பத் திரும்பத் தோல்வி. உள் அறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தி, போனின் பிரைட்னஸைக் கூட்டியதும் சட்டென்று ஏற்றுக்கொண்டது. இதை அந்தச் செயலியே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.