இந்தியத் தீர்ப்பை எதிர்த்து ஐரோப்பாவில் மேல்முறையீடு செய்ய முடியாது

பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை தோற்றவர்கூட, ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம் என்றொரு செய்தி காரைக்குடி, தேவகோட்டை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

கட்டணம் இல்லை என்பது மட்டுமே உண்மை. அந்த நீதிமன்றம் ஐரோப்பிய மன்றம் (Council of Europe) என்னும் அமைப்பின் 46 உறுப்பு நாடுகளுக்கு எதிரான புகார்களையே விசாரிக்கும். இந்தியா அதில் இல்லை. தனியார் இருவரின் சொத்துத் தகராற்றைத் தீர்க்கும் மேல்முறையீட்டு மன்றமும் அன்று அது. ஆனால் மனுதாரரின் குடியுரிமை அங்கே தடையாகாது: பிரான்சில் வாழும் நம் செட்டிநாட்டுக்காரர் ஒருவர், அந்நாட்டு அரசு தம் உரிமையை மீறியதாகக் கருதினால், அங்குள்ள நீதிமன்றங்களில் முறையிட்டு முடித்து, இறுதித் தீர்ப்பு வந்த 4 மாதங்களுக்குள் நேரடியாக மனுச் செய்யலாம். தனிமனிதருக்கு இந்த நேரடி உரிமை 1998இல் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைத் திருத்திய 11ஆம் நெறிமுறை நடைமுறைக்கு வந்த பின்னரே முழுமையாகக் கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்துக்கு இன்றும் அக்கண்டத்து மனித உரிமை ஆணையத்தின் வழியாகவே தனிமனிதர் செல்ல வேண்டும். ஆசியாவுக்கோ இத்தகைய நீதிமன்றமே இல்லை. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

இச்செய்தியை நம்பிக் காத்திருப்பவர், தீர்ப்பை மறுபரிசீலிக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனுத் தாக்கல் செய்வதற்குரிய 30 நாள்களை இழந்துவிடக்கூடும் என்பதே என் கவலை. அரசு அதிகாரியின் நடவடிக்கையால் உரிமை பறிபோனவருக்கு, அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.