பேரன் பங்குத் தண்ணீர்

கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் ஆயிரம் அடி போர் (ஆழ்துளைக் கிணறு) என்றால் இப்போது யாரும் வியப்பதில்லை. "ஆயிரத்து இருநூறு அடியில ஒன்றரை இஞ்சு தண்ணி கெடச்சுதுங்க" என்று கல்யாண வீட்டில் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறோம். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. ஆற்று மணல் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்காது. வெடிப்புகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கும். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும், மழைத் தண்ணீர் அங்கே போய்ச் சேர ரொம்பக் காலமும் ஆகும். அறுபது எழுபது அடிக் கிணற்றில் இறைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குத் திரும்ப ஊறும். அது நம் பங்கு. ஆயிரம் அடியில் உறிஞ்சுவது நமக்குப் பின்னால் வருகிறவர்களின் பங்கு. அவர்களைக் கேட்காமல் எடுக்கிறோம்.

போன கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று ராத்திரி முழுக்க ஓடியது. எண்ணூறு அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. தோட்டக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழியையே பார்த்தபடி நின்றார். "இன்னொரு நூறு அடி போட்டுப் பாத்தறலாங்கண்ணா" என்றார் வண்டிக்காரர். நகையை அடகு வைத்த பணம். தென்னை கண் முன்னால் காய்கிறது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் விட்டுவைத்தால் அடுத்த தோட்டத்துக்காரர் எடுப்பார், அவரும் விட்டால் மில்லோ அடுக்குமாடியோ எடுக்கும்.

அதனால்தான் இதைத் தனி மனிதரின் மனசாட்சியிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்கிறேன். நிலம் யாருடையதோ, அடியில் இருக்கும் தண்ணீரும் அவருடையது என்ற எண்ணம் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டக் காலத்திலிருந்து நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2013ல் அதையும் ரத்து செய்தாயிற்று. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் இதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இத்தனைக்கும் இது காலிங்கராயன் வாய்க்கால் ஓடும் நாடு. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆற்றில் அணை கட்டி வெட்டிய வாய்க்கால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, இன்றும் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. சொந்த லாபத்துக்கு வெட்டினான் என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று அவர் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டார் என்பார்கள் பெரியவர்கள். முகம் தெரியாத மனிதர்களுக்காக ஒருவர் அவ்வளவு செய்திருக்கிறார். நம் காலத்திலும் அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்காக ஊர் ஊராகப் போராடிய பலர், 2024ல் அது தொடங்குவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். பவானியின் உபரி நீர் ஒன்றரை டிஎம்சி, 1,045 குளம் குட்டைகளுக்கு. சரி, குளம் நிரம்பட்டும். கரைக்குப் பக்கத்திலேயே ஆயிரம் அடி போரையும் இறக்கினால் என்ன மிஞ்சும்?

"இருக்கிறவங்களுக்கே வழியைக் காணோம், பொறக்காதவனுக்கு என்ன பாக்கறது" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களேதான் ஒரு சென்ட் நிலத்தைக் கேட்டால்கூட, புள்ளைகளுக்கு வேணும் என்று கொடுக்க மறுப்பவர்கள். தண்ணீர் இல்லாத தோட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

உழவருக்கு இலவச மின்சாரம் இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் போர் ஆழத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு வரம்பு வேண்டும். மில்லுக்கும் அடுக்குமாடிக்கும் அது முதலில் வர வேண்டும். மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. நம் ஊரில் எத்தனை போர், எத்தனை அடி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பஞ்சாயத்துச் சுவரில் எழுதிப் போடச் சொல்லி ஒரு தீர்மானம் கேளுங்கள். எங்கள் ஊரில் நான் கேட்கப்போகிறேன்.