அந்தச் சேலையைப் போட்டோ எடுக்காமல் கொடுக்க முடியாதா?

டிசம்பர் பிறந்துவிட்டால் என் முகநூலில் ஒரே மாதிரிப் படங்கள் வரிசைகட்டும். பின்னால் பேனர். முன்னால் ஏழெட்டு விதவைத் தாய்மார். சேலைக் கவரின் ஒரு முனையை வாங்குகிறவர் பிடித்திருப்பார், மறுமுனையைக் கொடுக்கிறவர் விடாமல் பிடித்திருப்பார், போட்டோ எடுத்து முடியும்வரை. கீழே 'தேவனுக்கே மகிமை' என்று ஒரு வரி.

"படம் போட்டாத்தானே நாலு பேர் கொடுக்க முன்வருவாங்க? கணக்கு காட்ட வேண்டாமா?" என்று சபையில் கேட்பார்கள். கணக்கு காட்டத்தான் வேண்டும். அதில் அப்போஸ்தலன் பவுலைவிடக் கறாரானவர் யார்? எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்து முதலான சபைகளில் சேர்த்த காணிக்கை விஷயத்தில் ஒருவரும் தன்னைக் குற்றப்படுத்தக்கூடாது என்று, தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரைச் சேர்த்து அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8). ஆனால் அது பணத்துக்கான கணக்கு. வரவு செலவுச் சீட்டில் வாங்கினவரின் முகம் எதற்கு?

அடுத்த அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். பணம் போய்ச் சேர்ந்ததும் எருசலேமில் என்ன நடக்கும் என்று பவுல் சொல்கிறார். ஸ்தோத்திரம் நேரே தேவனுக்குப் போகிறது. கொடுத்தவர்களுக்கு வருவது வாங்கினவர்களின் ஜெபமும் வாஞ்சையும். முகம் தெரியாத கொரிந்தியர்மேல் எருசலேம் ஏழைகளுக்கு வாஞ்சை! நாம் நடத்தும் 'நலத்திட்ட உதவி'களில் யாருக்கு யார்மேல் வாஞ்சை வருகிறது?

இந்த இடத்தில் எனக்கு அசரியாதான் ஞாபகம் வருவார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். நம்மவர் பணத்தில், நம்மவர் ஊழியத்தில், நம்மவர் நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்று பிறந்த சங்கம் அது. 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேசினார். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். மிஷனெரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றைக்கும் நன்றியோடு நினைக்கும் என்றார். ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள் என்றும் சொல்லிவிட்டு, அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! முப்பத்தைந்து வயதுதான் அப்போது. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அவர் அன்று வெள்ளைக்காரர்களிடம் கேட்டதை இன்று நம் சபையின் கடைசி பெஞ்சில் இருக்கிற அம்மா நம்மிடம் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? வருஷத்துக்கு ஒரு சேலை கொடுக்கிறோம். அவர்கள் வீட்டுத் திண்ணையில் என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறோமா?

நம்மிடம் நல்ல வழக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கைப்பிடி அரிசி இருக்கிறதே, அதற்கு ஈடு ஏது? உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு, ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. மிசோரம் சபைகளில் நூறு வருஷத்துக்கு மேலாக இதே வழக்கம் பெரிய ஊழியங்களையே தாங்குகிறது. கொட்டிக் கலந்தபின் எது பண்ணையார் வீட்டு அரிசி, எது கூலிக்காரர் வீட்டு அரிசி என்று யார் சொல்ல முடியும்? ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தும் அப்படித்தான். ஆடு கொடுத்தவரும் ஒன்றும் கொடுக்காதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவார்கள். (அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் கேட்பவர்களை இதில் சேர்க்கமாட்டேன். அங்கே வீம்பும் உண்டு. ஆனாலும் சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கிறது, யாரும் கூனிக்குறுகி நிற்பதில்லை.)

வரும் கமிட்டியில் இதைக் கேட்கப்போகிறேன். இந்த வருஷம் மேடை வேண்டாம். ஆளுக்கு ரெண்டு வீடாகப் பிரித்துக்கொண்டு, சேலையை வீட்டுக்கே கொண்டுபோய், அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டு வருவோம். போனைப் பையிலேயே வைத்துக்கொள்வோம். பேனருக்கு ஆகும் பணத்தில் இன்னும் சில சேலைகள் வாங்கலாம், பொருளாளர் ஐயா கவனிக்கவும்.