பெரார்: கடன் தீர்ந்தும் திரும்பாத மாகாணம்

கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி என்றாலே பள்ளியில் உருப்போட்ட வாரிசு இழப்புக் கொள்கைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சதாரா, ஜான்சி, நாக்பூர். ஆனால் அதே மனிதர் 1853இல், வாரிசுப் பிரச்சினையே இல்லாத ஒரு பெரிய நிலத்தை ஹைதராபாத் நிஜாமிடமிருந்து வெறும் கடன் பாக்கியைக் காட்டியே வாங்கிக்கொண்டார். அதுதான் பெரார். இன்றைய மகாராஷ்டிரத்தில் அமராவதி, அகோலா, யவத்மால் பக்கம். என்னைக் கேட்டால், கிழக்கிந்தியக் கம்பெனியின் புத்தி ஜான்சியைவிட இங்கேதான் பச்சையாகத் தெரிகிறது.

கடன் எப்படி வந்தது என்று பாருங்கள். ஹைதராபாத் கான்டின்ஜென்ட் என்று ஒரு படை. அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், பிடி நிஜாம் அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் கையில், சம்பளம் மட்டும் நிஜாம் தலையில். 1800ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி போர் வந்தால்தான் நிஜாம் துருப்பு தர வேண்டும். சண்டையே இல்லாத காலத்திலும் ஒரு படைக்குத் தீனி போட வேண்டும் என்று அதில் இல்லை. இதை டல்ஹௌசியே எழுத்தில் ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டுவிட்டு நிலத்தையும் எடுத்துக்கொண்டார்! கருப்பு மண், பருத்தி விளைகிற பூமி, விடுவார்களா?

நிஜாம் ஒன்றும் உத்தமர் இல்லை, அவருடைய வரி வசூலும் நிர்வாகமும் அந்தக் காலத்தில் சீரழிந்து கிடந்தன. அதற்காகக் கணக்கு நியாயமாகிவிடாது. 1857இல் ஹைதராபாத் ஆங்கிலேயர் பக்கம் நின்றதற்குப் பரிசாக 1860இல் சுமார் 50 லட்சம் ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தார்கள், பெராரோடு சேர்த்து எடுத்திருந்த ராய்ச்சூரும் தாராசிவும் திரும்பின. பெரார் திரும்பவில்லை. திவான் சாலார் ஜங் இதற்காக வருஷக்கணக்கில் மன்றாடினார், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் 1902இல் வைஸ்ராய் கர்சன் வந்து, வருஷத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகை என்று அப்போதைய நிஜாம் மகபூப் அலி கானிடம் எழுதி வாங்கினார். எனக்கு ஆறாத இடம் இதற்கு அடுத்தது: எந்தப் படையின் செலவுக்கென்று பெராரை எடுத்தார்களோ, அந்தப் படையையே கலைத்து இந்திய ராணுவத்தோடு சேர்த்துவிட்டார்கள். படை போயிற்று, நிலம் மட்டும் அவர்களிடமே, மத்திய மாகாணங்களோடு ஒட்டவைக்கப்பட்டு. அடுத்த நிஜாம் உஸ்மான் அலி கான் திருப்பிக் கேட்டபோது, 1926இல் வைஸ்ராய் ரீடிங் கொடுத்த பதில், இந்தியாவில் பிரிட்டிஷ் மகுடத்தின் அதிகாரமே எல்லாவற்றுக்கும் மேல், சமமாக உட்கார்ந்து பேசும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதுதான். 1936இல் ஆறுதலுக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: மூத்த மகன் ஆசம் ஜா 'பெரார் இளவரசர்'. ஆளாத நாட்டுக்கு இளவரசர். மனைவியோ ஆட்டோமன் பேரரசின் கடைசி கலீபாவின் மகள்.

இத்தனை பேரத்திலும் பருத்தி விளைவித்த குன்பி விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் பெராரும் நாக்பூர் பக்கமும் சேர்ந்த விதர்பாவைத் தனி மாநிலமாகக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது, அதுவும் நடக்கவில்லை. அடுத்த வருஷமே பம்பாய் மாநிலத்தோடு சேர்த்தார்கள், 1960இல் மகாராஷ்டிரம். தனி விதர்பா கோரிக்கை இன்றைக்கும் ஓயவில்லை.