ஜாமீன் கையெழுத்திட்டு மூன்று ஆண்டுகள் கடந்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் வங்கியால் ஜாமீன்தாரர் மீது வழக்குத் தொடர முடியாது என்று ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு, இதை நம்பி நோட்டீஸுக்குப் பதிலளிக்காமல் இருப்பவர்கள் வீணாகப் பாதிக்கப்படுவார்கள் என்பதே என் கவலை.

மூன்று ஆண்டு என்ற கணக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது எந்த நாளில் தொடங்குகிறது என்பதை ஜாமீன் பத்திரத்தின் வாசகமே தீர்மானிக்கிறது. கேட்கும்போது செலுத்துவதாக எழுதிக்கொடுத்த தொடர் ஜாமீனில் (ஒரே கடனுக்கு மட்டுமின்றி, தொடரும் கொடுக்கல் வாங்கல்களுக்கும் பொருந்தும் ஜாமீன்), வங்கி பணத்தைக் கேட்டு, ஜாமீன்தாரர் செலுத்தத் தவறிய பிறகே காலம் ஓடத் தொடங்கும் என்று சிண்டிகேட் வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. கடனாளி மீதான உரிமை ஏற்கெனவே காலாவதியான பிறகு ஜாமீன்தாரரிடம் முதன்முறையாகப் பணம் கேட்க முடியாது என்ற முக்கியமான வரம்பையும் அதே தீர்ப்பு வைத்தது. ஆயினும் உரிய காலம் முடிவதற்குள் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுத்துமூலம் கையெழுத்திட்டாலோ, பகுதித் தொகை செலுத்தினாலோ அவர்மீதான காலம் புதிதாகத் தொடங்கக்கூடும்.

முதலில் கடனாளியிடம்தான் வசூலிக்க வேண்டும் என்ற கூற்றும் சரியல்ல. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி இருவரின் பொறுப்பும் சம அளவுடையது.

நோட்டீஸ் வந்தவர்கள் அது கிடைத்த தேதியைக் குறித்துவைத்து, பத்திரத்தின் நகலுடன் வழக்கறிஞரை உடனே அணுக வேண்டும்.