தலையை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு

வட இங்கிலாந்தில் எங்கள் ஈடன் மாவட்டத்தின் கவுன்சிலை ஒழித்ததைப் பற்றி நேற்று எழுதினேன். அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "அம்பதாயிரம் பேருக்கு எதுக்குக்கா தனி கவுன்சில்? ஒழிச்சது நல்லதுதான்" என்று லண்டன் தம்பி ஒருவர் தீர்ப்பு எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

தம்பி, ஈடன் மாவட்டம் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். உங்கள் லண்டன் மாநகரம் மொத்தமே 1,570 சொச்சம்தான். அங்கே தனித்தனிக் கவுன்சிலோடு 32 பரோ (நகரப் பகுதிகள்), போதாததற்கு சிட்டி ஆஃப் லண்டன் வேறு. ஏன் இத்தனை என்று நாங்கள் கேட்டோமா?

மேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள், கிழக்கே பென்னைன் மலைத்தொடர், நடுவில் ஈடன் ஆறு. மாவட்டக் கவுன்சில் இருந்த பென்ரித்திலிருந்து, அதே மாவட்டத்து ஆல்ஸ்டன் ஊருக்குப் போக 1,900 அடி உயர ஹார்ட்சைடு கணவாயைத் தாண்டணும். பனி கொட்டினால் ரோட்டை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் குப்பை வண்டி வரணும்தானே? தலையை எண்ணாதீர்கள், தூரத்தை எண்ணுங்கள் என்றுதான் நேற்றும் சொன்னேன்.

2023 ஏப்ரல் 1 முதல் (தேதியைக் கவனியுங்கள்) இந்த ஆல்ஸ்டனும், நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிற கடலோர பாரோ ஊரும் ஒரே கவுன்சில். வெஸ்ட்மோர்லாண்ட் அண்ட் ஃபர்னஸ்.

"முன்னாடி குப்பைக்கு பென்ரித்ல மாவட்டக் கவுன்சில், ரோட்டுக்கு கார்லைல்ல கவுண்ட்டி கவுன்சில்னு அலையணுமே?" சரி, அது தொல்லைதான். "பாரிஷ் கவுன்சில் இருக்கே?" இருக்கிறது, ஊர் அளவில் சின்னதாக. பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்கும். வீடு கட்ட அனுமதி என்று வந்தால் கருத்துச் சொல்லலாம், முடிவு வேறு இடத்தில். "செலவு மிச்சம்." யாருக்கு?

வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக, பட்டியல் போடும் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் கொடுக்கும். வழியில் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்து நிற்பது அதற்குத் தெரியுமா? நான் போய்ச் சேரும்போது அந்தப் பாட்டி எனக்கென்று போட்டு வைத்த டீயில் ஆடை படிந்திருக்கும். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். வண்டி ஓட்டின நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. தலைக்குத்தான் காசு. எல்லா இடத்திலும் இதே கணக்குதான்!

"கஷ்டம்னா லண்டன் வந்துடுங்க அக்கா" என்று இன்னொருவர். அந்தப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? வாடகை நீங்கள் தருவீர்களா?

சிரிப்புப் பொம்மை போட்டதில் என் சித்தி மகனும் உண்டு. போன கோடையில் என் வீட்டில் தங்கி, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நின்று "சொர்க்கம்" என்று படம் போட்டவன். அன்றைக்கு நீங்கள் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்த பிரியாணிப் பொட்டலங்களை யார் அள்ளினார்கள், தம்பி?