அந்தத் தாளில் என்ன இருந்தது

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சையின் மூன்றாவது சுற்றும் கைகூடவில்லை என்பதைத் தொலைபேசியில்தான் சொன்னார்கள். ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் எச்சிஜி ஹார்மோன் 5-க்கும் கீழே, அதாவது கரு தங்கவில்லை. "மாதவிடாய் வந்த இரண்டாம் நாள் வந்துவிடுங்கள், உடனே அடுத்ததைத் தொடங்கிவிடலாம்" என்றார் செவிலியர். நானும் "சரி" என்றேன். இரவு 9 மணிக்கு வழக்கம்போல ஊசி நேரத்துக்கான அலாரம் அடித்தது. கை மருந்துப் பெட்டிவரை போய்விட்டது. இனி ஊசி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் "சரி"யைப் பத்து நாள் கழித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தோல்விச் செய்தி வந்த வாரத்தில் யாரும் அடுத்த சுற்றுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது, யாரும் அதைக் கேட்கவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த வாரத்தில் பேசுவது நாமல்ல, நம் பயம்.

முதலில் ஆய்வகக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். நான் மூன்று சுற்றுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். எடுத்த முட்டைகள் 11, 9, 10. கருவுற்றவை 8, 6, 7. ஐந்தாம் நாள்வரை வளர்ந்தது ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று. மூன்றாம் நாளுக்குப் பிறகு மற்றவை எல்லாம் நின்றுவிட்டன. கரு தன் சொந்த மரபணுக்களைக் கொண்டு இயங்கத் தொடங்குவது ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான். ஆக, கேட்க வேண்டியது முட்டையைப் பற்றியும் விந்தணுவைப் பற்றியும். எனக்கு வயது 39; வயது ஏற ஏற முட்டையில் குரோமோசோம் பிழைகள் கூடும் என்பதை எவ்வளவு ஊசி போட்டாலும் மாற்ற முடியாது.

ஆனால் எங்களுக்குச் செய்தது என்ன? இரண்டு முறை கருப்பையின் உட்படலத்தைச் சுரண்டினார்கள், கரு நன்றாக ஒட்டுமாம். 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1,364 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பிறந்தது ஒரே அளவு, 26.1 சதவீதம். வலியையும் பணத்தையும் நான் மறக்கத் தயார். கேள்வி கேட்காமல் படுத்திருந்த என்னைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எல்லாக் கூடுதல் பரிசோதனையும் வீண் என்று சொல்லவரவில்லை. கருக்குழாயில் நீர் தேங்கியிருந்தால் அதை முதலில் சரிசெய்வது பலன் தரும். கருப்பைக்குள் சதை வளர்ந்திருக்கிறதா, தைராய்டு கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கத்தான் வேண்டும். எதைச் சொன்னாலும், "என் தாளில் உள்ள எந்தச் சிக்கலுக்கு இது?" என்று கேளுங்கள்.

தானமாகப் பெறும் முட்டையைப் பற்றி நாங்கள் பேசவே இரண்டு வருடம் ஆயிற்று. அப்படிச் செய்யும்போது வெற்றி வாய்ப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முட்டை கொடுப்பவரின் வயது, என் வயதல்ல. இதை முதல் தோல்வியிலேயே மருத்துவர் விளக்கியிருக்கலாம். நான் அழுதிருப்பேன்தான். ஆனால் அழுது முடித்து யோசிக்க நேரம் கிடைத்திருக்கும்.

நிறுத்திக்கொள்வதும் அப்படித்தான். "மனதைத் தளரவிடாதே" என்று அன்பாகச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நிறுத்துகிற பெண் தளர்ந்தவள் இல்லை, கணக்குப் பார்த்தவள்.

வியாழக்கிழமை வேறொரு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். தாளின் கீழே ஏழு கேள்விகள் எழுதியிருக்கிறேன். நேற்றிரவு என் கணவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எட்டாவதாக ஒன்றைத் தன் கையெழுத்தில் சேர்த்தார்: "இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதையும் எங்களிடம் சொல்வீர்களா?"